கசிரியே ஐயா சாகவேண்டிய சாலை

கிவெம்பாவில் தார் ரோடு வேண்டுமென்றால் மனு எழுதிப் பிரயோஜனமில்லை. ஆள் சாக வேண்டும். அதுவும் உன்னையும் என்னையும் போல ஆள் செத்தால் போதாது, பெரிய ஆள் சாக வேண்டும். பெரிய ஆள் செத்தால் தலைநகர் கம்பாலாவிலிருந்து அதைவிடப் பெரிய ஆட்கள் அடக்கத்துக்கு வருவார்கள். அவர்களுடைய கார்களுக்கு அடிவயிறு தாழ்வு. குழியில் இடித்தால் வலிக்கும். அதனால் முன்கூட்டியே இயந்திரங்கள் வந்து, கார்களின் வயிற்றுக்காக ரோடு போட்டுவிட்டுப் போகும்.

பக்கத்து ஊரில் ஒரு கர்னல் இருந்தார். உயிரோடு இருந்த எழுபது வருஷத்தில் அந்த ஊருக்கு ஒரு கல்லைப் புரட்டிப் போட்டதில்லை. செத்த நாலாம் நாள் ஏழு கிலோமீட்டர் தார் போட்டுவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அவர் கல்லறையில் புல் முளைக்க விடுவதில்லை.

கிவெம்பாவில் வாழைப்பழச் சாராயம் குடிக்கிற இடத்தில் இதுதான் பேச்சு. நம் ஊரில் யார் செத்தால் ரோடு வரும்?

"தலைமை வாத்தியார்?"

"கிரேடர் வண்டி ஒரு தடவை வந்து மண்ணைச் சுரண்டிட்டுப் போகும். தார் வராது."

"பாதிரியார்?"

"அவரு செத்தா பிஷப்பு வருவாரு. பிஷப்பு ஜீப்புல வருவாரு. ஜீப்புக்கு எதுக்குடா ரோடு?"

"நம்ம முட்டைக்கார செபுன்யா செத்தா?"

செபுன்யா மூலையிலிருந்து பதில் சொன்னான். "நான் செத்தா வழியில கிடக்கிற புல்லைக்கூட வெட்ட மாட்டாங்க. நீங்களும் செருப்புக் கெட்டுப்போகும்னு வர மாட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். செபுன்யாவும்தான் சிரித்தான். பிறகு எல்லோருமாகக் குன்றின் உச்சியைப் பார்த்தார்கள். அங்கே சாலை முடிகிற இடத்தில், சிவப்பு ஓடு வேய்ந்த வீட்டில் கசிரியே ஐயா தனியாக இருந்தார். சாலைத் துறையில் முப்பது வருஷம் பெரிய பதவி. எண்பத்தாறு வயசு. நீரிழிவு, இதயம், கால் வீக்கம் எல்லாம் உண்டு. சாவு மட்டும் வரவில்லை.

"அவருக்கு யாருடா முட்டை கொடுத்துக் கொடுத்து உயிரைப் பிடிச்சு வச்சிருக்கிறது?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் செபுன்யாவைப் பார்த்தார்கள்.

அது உண்மைதான். கோழிப்பண்ணையும் குன்றின் மேல்தான் இருந்தது. செபுன்யா விடிந்ததும் முச்சந்திப் பக்கமுள்ள தன் வீட்டிலிருந்து வெறும் சைக்கிளில் மேலே ஏறுவான். பண்ணையில் பத்துத் தட்டு முட்டையைப் பின்னால் கட்டி, இரண்டைத் தனியாக எடுத்துக்கொள்வான். கசிரியே ஐயா வீட்டில் அந்த இரண்டை அவித்துக் கொடுப்பான், டாக்டர் சொன்ன கணக்கு அது. பிறகு முந்நூறு முட்டையோடு பதினோரு கிலோமீட்டர் இறங்கி முச்சந்திக் கடைகளில் போடுவான். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை.

குழிகள் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒவ்வொன்றுக்கும் தேர்தலில் நின்றவர்களின் பெயரை வைத்திருந்தான். ஒருவர் குழியில் நீர் தேங்கும், இன்னொருவர் குழியில் பன்றி படுக்கும். பெரிய குழிகளில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவான், தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி. இருந்தும் தினமும் ஒரு தட்டாவது விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்டது அவனுக்கு. அதனால் ஊரிலேயே அவன் வீட்டுப் பிள்ளைகள்தான் முட்டை தின்று வளர்ந்தார்கள். மழைக்காலத்தில் ரோடு கெடக் கெடப் பிள்ளைகளுக்குக் கன்னம் உப்பும். சாலையால் கிவெம்பாவில் ஒரு குடும்பமாவது நன்றாக இருந்தது என்றால் அது செபுன்யாவின் குடும்பம்தான்.

மூத்தவள் நமுபிரு. அவளைக் குன்றின் மேல், கசிரியே ஐயா வீட்டுக்குச் சற்றுக் கீழே கட்டிக்கொடுத்திருந்தான். அவளுக்கு முதல் பிரசவ வலி வந்தது ஒரு ஏப்ரலில். பிள்ளையின் கால் முன்னால் வருகிறது, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மருத்துவச்சி சொன்னாள். வாழைத்தார் ஏற்றுகிற வண்டி ஒன்றில் காய்களுக்கு நடுவே அவளைப் படுக்க வைத்தார்கள். ஆறாவது கிலோமீட்டரில் சதுப்பு நிலம். அங்கே வண்டி சேற்றில் இறங்கி நின்றது. செபுன்யா முதுகு கொடுத்துத் தள்ளினான். மாப்பிள்ளை தள்ளினான். வழியில் போனவர்கள் தள்ளினார்கள். மூன்று மணிநேரம் தள்ளினார்கள். வண்டி வெளியே வந்தபோது பிள்ளையும் வந்திருந்தது. நீலமாக இருந்தது. அழவில்லை.

டிரைவர் நல்லவன். வாழைத்தார்களில் ரத்தம் பட்டதைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள்தான் சொன்னான்.

இப்போது நமுபிரு மறுபடியும் நிறைமாசம். நகரத்து டாக்டர் பார்த்துவிட்டு, இதைக் கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். வலி கண்டால் இரண்டு மணிநேரத்துக்குள் மேஜை மேல் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரண்டு உயிர்.

"முன்கூட்டியே நகரத்துல போய் இருக்கலாமே?" என்று செபுன்யாவின் மனைவி இமாகுலதா கேட்டாள்.

"எங்க இருக்கிறது? ஆஸ்பத்திரி வாசல் மாமரத்தடியிலயா? அங்க ஏற்கெனவே நாப்பது பேரு படுத்திருக்காங்க."

"அப்ப என்ன செய்யப்போற?"

மறுநாள் செபுன்யா கசிரியே ஐயாவுக்கு முட்டையை அவித்துக் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கிழவர் முட்டையை உரித்தபடியே சொன்னார். "நேரத்துக்கு வராத பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிற."

"அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா."

"பொய் சொல்லாதடா. ஊரே பார்க்குது. போன வாரம் எனக்குச் சளி பிடிச்சப்போ கோயில்ல பாட்டு கொஞ்சம் சத்தமாவே கேட்டுச்சு."

செபுன்யாவுக்கு என்ன தோன்றியதோ, முழங்கால் போட்டுவிட்டான். "ஐயா, நீங்க அந்தத் துறையில இருந்தவரு. ஒரு போன் போட்டா ரோடு வராதா? என் மகளுக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு."

"உயிரோட இருக்கிறவன் கேட்டா ஃபைல் வரும். செத்தவன் கேட்டாத்தான் தார் வரும். முப்பது வருஷம் நானே அப்படித்தான் நடத்தினேன்." கிழவர் மஞ்சள் கருவை வாயில் போட்டுக்கொண்டார். "இந்த வெள்ளைக்கரு மாதிரி இருக்கணும்டா ரோடு. வழுவழுன்னு. ரெண்டு பக்கமும் தண்ணி ஓடிப்போற மாதிரி நடு மட்டும் லேசா உயர்ந்து. எத்தனை ஊருக்குப் போட்டேன். என் வாசலுக்குப் போட்டுக்கிட்டா திருடன்னு சொல்லுவாங்கன்னு போடலை. கடைசியில திருடன்னும் சொன்னாங்க, ரோடும் இல்ல."

அப்போதுதான் செபுன்யா அதைச் சொன்னான். வாழ்க்கையில் அவனுக்குத் தோன்றிய ஒரே பெரிய யோசனை அது. "அப்ப நீங்க செத்துட்டதா ரேடியோவில சொல்லிட்டா?"

எங்கள் பக்கத்தில் சாவு ரேடியோவில் வந்தால்தான் சாவு. பறை ஒலிக்கும், பெயர் வரும், அடக்கம் எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று வரும். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஜனங்கள் கேட்பார்கள். ரேடியோவில் செத்தவனை உயிரோடு இருக்கிறாயா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அது மரியாதைக் குறைவு.

கிழவர் வெகுநேரம் சிரித்தார். இருமல் வந்து, இருமல் நின்று, மறுபடி சிரித்தார். "என்னைப் பத்தி யாரு என்ன பேசறாங்கன்னு கேட்கலாம் இல்ல?"

"கேட்கலாம் ஐயா."

"மாட்டிக்கிட்டா?"

"அதான் ஐயா பயம்."

"நான் சொன்னதுன்னு சொல்லிடறேன். கிழவன், புத்தி பிசகிடுச்சும்பாங்க. என்னை என்ன செய்யப்போறாங்க? நீ போ. உடம்பு கம்பாலாவில பிணவறையில இருக்கு, சனிக்கிழமை வரும்னு எழுதிக் கொடு. மிகப் பெரிய விருந்தாளி ஒருத்தர் வர்றாருன்னும் சேர்த்துக்க. யாருன்னு மட்டும் எழுதாத. அதுலதான் அவனுங்க நடுங்குவானுங்க."

திங்கட்கிழமை மாலை செய்திக்கு முன்னால் பறை ஒலித்தது. கசிரியே ஐயா செத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை முச்சந்தியில் மஞ்சள் இயந்திரங்கள் வந்து நின்றன. ஊரே ஓடிப் போய் வேடிக்கை பார்த்தது. துக்கத்தை மறைக்கத் தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத துக்கக்காரர்களை அன்றைக்குத்தான் கிவெம்பாவில் பார்க்க முடிந்தது. பெண்கள் ரோடு ரோலரைப் பார்த்துக் குலவையிட்டுவிட்டு, நினைவு வந்து ஒப்பாரிக்கு மாறினார்கள். சதுப்பில் லாரி லாரியாகக் கல் கொட்டினார்கள். அதன் மேல் ஜல்லி, அதன் மேல் சூடாகத் தார். ராத்திரியும் விளக்குப் போட்டு வேலை. யார் வருகிறார் என்று தெரியாததால் மாவட்ட எஞ்சினியர் சோறு தண்ணியில்லாமல் நின்றார்.

கசிரியே ஐயா தன் வீட்டுச் சாமான் அறையில் காப்பிக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தன் சாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். முற்றத்தில் நெருப்பு மூட்டி ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செபுன்யா தினமும் முட்டையைப் பின்பக்க ஜன்னல் வழியாகக் கொடுத்தான்.

"என்னடா பேசறாங்க?"

"நல்லவருன்னு பேசறாங்க ஐயா."

"யாரு?"

"எல்லாரும்."

"எல்லாரும் பேசினா யாரும் அழலைன்னு அர்த்தம்," என்றார் கிழவர்.

வெள்ளி மாலை தார் அவர் வாசலைத் தொட்டது. பதினோரு கிலோமீட்டர், நடு உயர்ந்து, இரண்டு பக்கமும் மடை வெட்டி, கறுப்பாக. செபுன்யா சைக்கிளில் ஏறி உச்சியிலிருந்து இறங்கினான். மிதிக்கவே இல்லை. பத்துத் தட்டு முட்டை பின்னால் இருந்தது. முச்சந்தியில் கட்டை அவிழ்த்துப் பார்த்தான். முந்நூறும் முழுசு. தட்டுகளுக்கு நடுவே கையை விட்டுத் தேடிப் பார்த்தான். ஒன்றுகூட உடையவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அன்று அவன் வீட்டில் முட்டை இல்லை. இமாகுலதா கீரை வைத்தாள். அதைத் தின்றுகொண்டே சிரித்தான்.

சனிக்கிழமை கார்கள் வந்தன. சத்தமே இல்லாமல் வந்தன, குலுங்காமல் வந்தன. பிணம்தான் வரவில்லை. இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. பிணத்தைச் சுற்றுகிற மரப்பட்டைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு உறவுக்காரர்கள் விழித்தார்கள். பொழுது போகாமல் ஒருவர் எழுந்து பேசினார். இன்னொருவர் பேசினார். கடைசியில் சாலைத் துறையின் பழைய குமாஸ்தா ஒருவர் எழுந்து, போனவர் பெரிய மனிதர்தான், ஆனால் அந்த மலையடிவாரப் பாலத்துக்கு வந்த சிமெண்டு எங்கே போயிற்று என்பதும் அவரோடேயே போய்விட்டது என்றார்.

சாமான் அறைக் கதவு உடைகிற மாதிரித் திறந்தது.

"அந்தச் சிமெண்டை எடுத்தது நீதான்டா நாயே!" என்றபடி காப்பிக்கொட்டைத் தூசியோடு கசிரியே ஐயா வெளியே வந்தார்.

ஓடினவர்கள் எல்லோரும் புதுத் தார் ரோட்டில்தான் ஓடினார்கள். வேகமாகவும் ஓட முடிந்தது.

ஓட்டமெல்லாம் அடங்கிய பிறகு மாவட்ட எஞ்சினியர் கேட்டார். போலீஸ்காரர்கள் கேட்டார்கள். கம்பாலா விருந்தாளிகள் கார்க் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்கள். இதை யார் செய்தது?

செபுன்யா கூட்டத்தில் நின்று கிழவரையே பார்த்தான். கிழவர் கார்களைப் பார்த்தார், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த முகங்களைப் பார்த்தார். அதில் பாதிப் பேர் அவர் கையில் வேலை கற்றவர்கள். புத்தி பிசகிய கிழவன் என்று அவர்கள் முன்னால் சொல்லிக்கொள்ள அவருக்கு நாக்கு எழவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். "என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டான். அதோ நிக்கிறான் பாருங்க, முட்டைக்காரன்."

"ஐயா..." என்றான் செபுன்யா.

"பேரு எனக்கு ஞாபகமில்ல," என்றார் கிழவர்.

இருபத்திரண்டு வருஷம் தினம் இரண்டு முட்டை. பேர் ஞாபகமில்லை.

போலீஸ் சாவடி முச்சந்தியில் இருந்தது. அடித்தார்கள். ஏட்டு கொஞ்சம் நகைச்சுவை உள்ளவர். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிப் பதினொன்றில் நிறுத்தினார். பிறகு மாவட்ட எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டுப் போனதும், முதலிலிருந்து எண்ணினார். இடது கையில் இரண்டு விரல் அன்றைக்கு மடங்கியது, பிறகு நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாவடி ஜன்னல் உயரத்தில் இருந்தது, ஒன்றும் தெரியாது. காது மட்டும் வேலை செய்தது. குன்றுப் பக்கமிருந்து ஒரு கார் வருகிற சத்தம் கேட்டது. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. செபுன்யா எழுந்து சுவரில் காதை வைத்தான். குழியில் இறங்குகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். கியர் மாற்றுகிற சத்தம், சக்கரம் சேற்றில் சுற்றுகிற சத்தம், யாராவது தள்ளுங்கள் என்று கத்துகிற சத்தம். எதுவும் வரவில்லை. டயர் தாரில் உருள்கிற ஒரே சீரான சத்தம் மட்டும், துணி கிழிகிற மாதிரி. வந்தது, முச்சந்தியில் திரும்பியது, போயிற்று.

"என்னடா சுவரைக் கட்டிப் பிடிச்சிருக்க?" என்று கேட்டார் ஏட்டு.

"கார் போகுது ஐயா."

"போனா?"

"நிக்காம போகுது ஐயா."

சாயங்காலம் இமாகுலதா வந்தாள். வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினாள், அதை ஏட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தானே சாப்பிட்டார். "பொம்பளப்பிள்ளை," என்றாள் அவள். "கத்திதான் வச்சாங்க. மேல இருந்து இங்க வரைக்கும் பன்னெண்டு நிமிஷமாம். டிரைவரு பெருமையாச் சொல்றான், அவன்தான் ரோடு போட்ட மாதிரி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." பிறகு அவன் கையைப் பார்த்தாள். சத்தமில்லாமல் அழுதாள்.

"அழுததா?" என்று கேட்டான் செபுன்யா.

"யாரு?"

"பிள்ளை."

"ஊரையே கூட்டுச்சு."

அவனுக்கு எட்டு மாசம் ஜெயில் போட்டார்கள்.

அந்த எட்டு மாசத்தில் கிவெம்பா மாறியது. தக்காளி நசுங்காமல் சந்தைக்குப் போயிற்று. வாத்தியார்கள் முழுக்கால் சட்டையில் சேறு படாமல் வந்தார்கள், அதனால் தினமும் வந்தார்கள், பிள்ளைகளுக்கு அதில்தான் கொஞ்சம் வருத்தம். மூன்று பிரசவம், ஒரு பாம்புக்கடி, கூரையிலிருந்து விழுந்த ஒருவன் என்று ஐந்து பேர் பிழைத்தார்கள். சாலைக்குக் கசிரியே ஐயாவின் பெயரை வைத்துப் பலகை நட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே ரோடு போட்ட ஒரே மகான் என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். செபுன்யாவைப் பற்றிப் பேச்சு வந்தால் 'ரேடியோப் பொய்யன்' என்றார்கள். ரோடு வேண்டும், அதைக் கொண்டுவந்தவன் வேண்டாம். ஊர் என்றால் அப்படித்தான்.

செபுன்யா வெளியே வந்ததும் பண்ணைக்குப் போனான். பண்ணைக்காரர் வாசலில் புது வேன் நின்றது.

"சைக்கிளெல்லாம் இப்ப எதுக்குப்பா? வேன் ஒரே நடையில மூவாயிரம் முட்டை எடுக்குது. ஒண்ணுகூட உடையறதில்ல. நல்ல ரோடு பாரு."

"ஆமாங்க," என்றான் செபுன்யா. "நல்ல ரோடு."

வீட்டுக்கு ஆறு கோழி வாங்கினான். அவை இட்ட முட்டையை முச்சந்தியில் அவித்து விற்றான். ஊர் வாயடைத்துப் போன விஷயம் ஒன்று உண்டு. வெளியே வந்த மறுநாளே இரண்டு அவித்த முட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, பதினோரு கிலோமீட்டர் ஏறி, கசிரியே ஐயாவின் வாசலில் போய் நின்றான்.

கிழவர் அவனைப் பார்த்ததும் நாற்காலியை லேசாகப் பின்னால் தள்ளிக்கொண்டார். "விஷம் வச்சிருக்கியா?"

"இல்லீங்க ஐயா. நல்ல முட்டை."

"எதுக்கு?"

செபுன்யா வாசலில் இருந்த தாரைக் காட்டினான். "நீங்க இப்பச் செத்தா வீண் ஐயா. ரோடு புதுசா இருக்கு. யாரும் வந்து எதுவும் போட மாட்டாங்க. இது கெட்டுப்போறப்ப நீங்க வேணும். அதுவரைக்கும் நல்லாச் சாப்பிடுங்க."

கிழவருக்குப் பயமா சந்தோஷமா என்று தெரியாத ஒரு சிரிப்பு வந்தது. "எத்தனை வருஷம் தாங்கும்னு நினைக்கிற?"

"நீங்கதானே அந்தத் துறையில இருந்தீங்க."

"மடையை அடைக்காம வச்சிருந்தா பத்து வருஷம். ரோட்டைக் கொல்றது வண்டி இல்லடா, தண்ணி."

அடுத்த நாளிலிருந்து செபுன்யாவை மண்வெட்டியோடு பார்க்கலாம். முட்டை கொடுத்துவிட்டு இறங்குகிற வழியில் மடையில் விழுந்த இலையை வாரினான், மண்ணை வெட்டிவிட்டான். தாரில் முடி அளவு விரிசல் கண்டால் குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். மடங்கிய விரலால்தான். ஊர்ப் பையன்கள் பின்னால் நின்று, "எஞ்சினியரே, ரேடியோவில என்ன சேதி? இன்னைக்கு யாரு செத்தாங்க?" என்று கத்துவார்கள். அவன் திரும்பமாட்டான். பேத்தி மட்டும் நடக்கத் தெரிந்ததும், தாத்தாவோடு ரோட்டோரம் உட்கார்ந்து மடையில் இலைப் படகு விட்டாள்.

கிழவர் மெலியவில்லை. தொண்ணூறு வந்தது. தினம் இரண்டு முட்டை, தினம் ஒரே கேள்வி. "ரோடு எப்படிடா இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு ஐயா."

கிழவர் நிம்மதியாக முட்டையை உரிப்பார்.

நாலாம் வருஷம் சதுப்புக்கு அந்தப் பக்கம் மணல் எடுக்க ஆரம்பித்தார்கள். பெரிய லாரிகள், இரவும் பகலும். செபுன்யா போய்க் கைகூப்பினான், லாரிக்காரர்கள் அவன் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனார்கள். மாவட்ட ஆபீசுக்கு மனு கொடுத்தான். "நீதானே அந்த ரேடியோக்காரன்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மழை பிடித்தது. ஆறாவது கிலோமீட்டரில், முன்பு வாழைத்தார் வண்டி இறங்கிய அதே இடத்தில், தார் முதலில் வலை மாதிரி விரிந்தது. பிறகு ஒரு தட்டு அளவு உள்ளே போயிற்று. அவன் கல் போட்டு மூடினான். லாரி பிடுங்கியது. மறுபடி மூடினான். ஒரு வாரத்தில் ஆடு படுக்கிற அளவு ஆயிற்று.

அந்த வாரம்தான் நமுபிரு வந்து, மூன்று மாசம் தள்ளிப் போயிருக்கிறது என்று தாயிடம் சொன்னாள். இந்தத் தடவையும் கத்திதானாம்.

இமாகுலதா அதைச் சொன்னபோது செபுன்யா காகிதத்தில் முட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். கை நின்றது. இரண்டு முட்டையையும் பார்த்தான். ஒன்றை எடுத்துத் திரும்பவும் கூடையில் வைத்தான். பேத்தி வாயைத் திறந்து காத்திருப்பதைப் பார்த்ததும் அதை அவளிடமே கொடுத்தான்.

கசிரியே ஐயா காகிதத்தைப் பிரித்தார். ஒரு முட்டை உருண்டது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், உதறிப் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்கடா?"

"வழியில உடைஞ்சு போச்சு ஐயா."

கிழவர் வெளியே தன் வாசல் வரை வந்து முடிகிற கறுப்புத் தாரைப் பார்த்தார். அது இன்னும் வழுவழுப்பாகத்தான் இருந்தது. தினமும் கேட்கிற கேள்வியை அவர் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"எந்த இடத்துல?"

"ஆறாவது கல்லுக்கிட்ட ஐயா. சதுப்புல."

"ஆழமா?"

"முழங்கால் அளவு."

"உன் மகளுக்கு எப்ப?"

"ஆறு மாசம் இருக்கு ஐயா."

கிழவர் முட்டையை மேஜை விளிம்பில் தட்டினார். ஓட்டை ஒவ்வொரு சில்லாக, அவசரமில்லாமல் எடுத்தார். செபுன்யா வாசலிலேயே நின்றான், அவர் தின்று முடிக்கும் வரை போகவில்லை.